பட்டினி வாத்தியார்

இந்தப் பனியன்ல இருக்கது யாருன்னுதான கேட்டிய அண்ணாச்சி? கட்சிக்காரரு இல்ல, நடிகரும் இல்ல. எங்க சாரு. ஐயம்பெருமாள் சாரு, பி.டி. வாத்தியாரு. இன்னைக்கு அவியளுக்குப் பதினாறாம் நாளு. படத்திறப்புக்குப் போயிட்டு வாரேன். பழைய கபடிப் பயலுவ எல்லாரும் சேந்து ஒண்ணு போல அடிச்சுப் போட்டிருக்கோம். முன்னால சாரு படம், பின்னால அவனவன் நம்பரு. என் நம்பரு ஏழு. கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. நம்ம வயிறு அப்பிடி.

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க, எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். டிரைவரு டீ குடிக்கப் போயிருக்காரு, இப்பம் எடுத்துருவாரு. நீங்க கேட்டதுனால சொல்லுதேன். கேக்காட்டாலும் யார்ட்டயாவது சொல்லியிருப்பேன்னு நினைக்கேன்.

நாப்பது பேரு வந்திருந்தோம். அதுல பதினோரு பேரு கவர்மென்டு வேலையில இருக்கோம். நாலு பேரு போலீசு, ரெண்டு பேரு ரயில்வே, நான் கலெக்டர் ஆபீசுல கிளார்க்கு. எல்லாம் விளையாட்டுக் கோட்டா. எங்க அப்பன் தாத்தன் எல்லாம் ஆபீசு வாசல்ல கையைக் கட்டிட்டு நின்னிருப்பானுவ, ஒருத்தனும் உள்ள நாற்காலி போட்டு உக்காந்ததில்ல. சாரு வந்து எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக் கருவேலங்காட்டை வெட்டி, கோடு போட்டு, எங்களை இறக்கி விட்டாவ. இன்னைக்கு நான் ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கேன்.

நீங்க கபடி பாத்திருப்பிய. எடை பாக்கதைப் பாத்திருக்கியளா? இருக்க மாட்டிய. பள்ளிக்கூடத்துப் பயலுவ ஆட்டத்துல ஐம்பத்தஞ்சு கிலோன்னா ஐம்பத்தஞ்சு கிலோதான். அதுக்கு மேல நூறு கிராம் இருந்தாலும் வெளியதான் நிக்கணும். அதுக்காக மத்த டீம் பயலுவ என்ன செய்வானுவன்னா, மூணு நாளு பச்சத் தண்ணி குடிக்காம வந்து மிஷின்ல ஏறுவானுவ. உதடு வெடிச்சிருக்கும், கண்ணு உள்ள போயிருக்கும். எடை பாத்து முடிஞ்ச நிமிசம் ஓடிப் போயி பைப்புல வாயை வப்பானுவ. கூட வந்த வாத்தியாரு சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. இது ஊரறிஞ்ச விசயம்.

எங்க சாருக்கு இது ஆகவே ஆகாது. "வயித்தைக் காயப் போட்டுட்டு எவனும் என் கோட்டுக்குள்ள காலு வைக்கப்படாது." இதான் அவிய சட்டம். மேட்ச் இருக்க அன்னைக்கு விடியக்காலம் சாரு வீட்டுல உளுந்தங்களி கிண்டுவாவ. கோமு அக்கா, சாரு சம்சாரம், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, தேங்காய் தண்டி உருண்டை உருட்டி ஒரு தூக்குச்சட்டியில போட்டுக் குடுத்து விடுவாவ. பன்னெண்டு பேருக்குப் பன்னெண்டு உருண்டை. சாரு முன்னால வட்டமா உக்காந்து திங்கணும். தின்னு முடிச்சுக் கையைக் காட்டணும். அந்த எண்ணெய் கையை மோந்து பாப்பாவ, சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன், மோந்து பாத்துட்டுத்தான் எந்திரிக்க விடுவாவ. எடை கூடிட்டா, அடுத்த பிரிவுல ஆடு, இல்லன்னா ஓரமா உக்காந்து கை தட்டு. அவ்வளவுதான்.

எனக்கு அப்பம் பதினாறு வயசு. டீமுக்கு நான்தான் கேப்டன். நான் பாடிக்கிட்டு உள்ள போனேன்னா ரெண்டு ஆளைத் தொடாமத் திரும்ப மாட்டேன். பெருமைக்குச் சொல்லல, வேணும்னா எங்க ஊருல வந்து கேட்டுப் பாருங்க. அந்த வருசம் மாவட்டத்துல ஜெயிச்சா மாநில கேம்ப்புக்கு ஆள் எடுக்கதா இருந்துச்சு. கேம்ப்புக்குப் போனா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், அங்கேயே சாப்பாடு, படிப்பு. எங்க அப்பாவுக்கு ஆட்டம்னாலே பிடிக்காது. லாரியில லோடு ஏத்துத மனுசன், வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான் வரும். ஒரு தடவை கால் பிசகி நொண்டிக்கிட்டு வந்தேன். இன்னொரு தடவ விளையாட்டுல அடிபட்டு வந்தேன்னா மெட்ராசுல பலகாரக் கடையில கொண்டு போயி விட்டுருவேன்னாரு. எங்க தெருவுல பாதிப் பயலுவ அப்பிடித்தான் மாவு பிசையப் போனானுவ. போனவன் படிக்கத் திரும்பி வந்ததில்ல. எனக்கு அந்தக் கடை கனவுலயே வரும்.

மேட்சுக்கு அஞ்சு நாளு இருக்கும்போது சாரு எங்களை எடை போட்டுப் பாத்தாவ. நான் ஐம்பத்தாறு கிலோ முன்னூறு. சாரு மிஷினைத் தட்டிப் பாத்தாவ. என்னை இறங்கச் சொல்லிட்டு மறுபடி ஏறச் சொன்னாவ. அதே முன்னூறு. தோள்ல கையைப் போட்டு, இந்த வருசம் நீ உக்காரு, அடுத்த வருசம் ஜூனியர்ல உன்னை எவனும் அசைக்க முடியாதுன்னாவ. நல்லபடியாத்தான் சொன்னாவ. எனக்கு மண்டை காஞ்சு போச்சு. அடுத்த வருசம் வரைக்கும் எங்க அப்பா என்னை விட்டு வைப்பாரா? அத சாரு யோசிச்சாவளா? இப்பிடித்தான் அன்னைக்கு நினைச்சேன். இப்பவும் சில நேரம் நினைக்கத்தான் செய்யுதேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. வீட்டுல வச்ச சோத்தைப் பள்ளிக்கூடத்துல தின்னுக்கிடுதேன்னு தூக்குல எடுத்துட்டுப் போயி வழியில மாட்டுக்குக் கொட்டுனேன். யூரியா சாக்கு உள்ள ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும்லா, அதை உடம்புல சுத்தி, மேல ஸ்வெட்டரைப் போட்டு, உச்சி வெயில்ல குளத்தங்கரையைச் சுத்தி ஓடுனேன். புளியை வாயில அடக்கி எச்சியைத் துப்பிக்கிட்டே இருந்தேன். அந்த எச்சியில எத்தன கிராம் போகும்னு ஒரு கணக்கு வேற. கடைசி ரெண்டு நாளு தண்ணியும் இல்ல. சாருகிட்ட மட்டும், நானா குறைஞ்சுட்டேன் சார், ஓட்டம் ஜாஸ்தி, அதான்னு சொன்னேன்.

மேட்ச் அன்னைக்குக் களி உருண்டை என் கையிலயும் வந்துச்சு. வட்டத்துல உக்காந்தேன். சாரு வேன்காரரைப் பாக்க எந்திரிச்சுப் போன நேரத்துல, பயலுவ குனிஞ்சு தின்னுக்கிட்டு இருக்கும்போது, உருண்டையைக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் எறிஞ்சுட்டு, கையில இருந்த எண்ணெயை மட்டும் நல்லா பூசி வச்சிக்கிட்டேன். சாரு வந்து கையை மோந்தாவ. என் உதட்டைப் பாத்தாவ. நாலு நாளுல பய இப்பிடி வத்திட்டானேன்னு அவியளுக்குத் தோணாம இருக்குமா?

"சாப்பிட்டியால?"ன்னாவ.

"சாப்பிட்டேன் சார்."

"நீ சொன்னா சரி."

மிஷின்ல ஐம்பத்தி நாலு தொள்ளாயிரம். எனக்கு உலகத்தையே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. மொத மேட்ச் ஆடிட்டேன், ஒம்பது பாயிண்டு எடுத்தேன். ரெண்டாவது மேட்ச் பன்னெண்டு மணி வெயில்ல. பாடிக்கிட்டு உள்ள போனேன். தொட வேண்டிய பய ரெண்டு பேரா தெரிஞ்சான். அதுக்குப் பெறவு ஆஸ்பத்திரிதான் தெரியும். வலிப்பு வந்து கையும் காலும் இழுத்துக்கிச்சாம். சாருதான் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாவளாம். செருப்புகூட இல்லாம ரோட்டுல ஓடி ஆட்டோவை மறிச்சாவன்னு பயலுவ பெறவு சொன்னானுவ. உடம்புல சொட்டுத் தண்ணி இல்ல, இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பையன் நாலு நாளாப் பட்டினி கிடந்திருக்கான்னும் சொல்லிட்டாரு.

மறுநா காலையில கட்டிலைச் சுத்தி ஆளு. எங்க அப்பா, ஹெட்மாஸ்டரு, கபடி சங்கத்துக்காரரு ஒருத்தரு. கால்மாட்டுல சாரு நிக்காவ, கையில கஞ்சி ஃபிளாஸ்கு. எங்க அப்பா கேட்டாரு. உனக்கா கிறுக்குப் பிடிச்சுப் பட்டினி கிடந்தியா, இல்ல எவனும் கிடக்கச் சொன்னானா? அந்த முழியைப் பாக்கணுமே. எனக்குப் பலகாரக் கடை அடுப்பு கண்ணு முன்னால எரியுது. ஹெட்மாஸ்டரு குனிஞ்சு, பயப்படாம சொல்லு, சாரு சொன்னாவளா எடையைக் குறைக்கச் சொல்லின்னு கேட்டாரு.

ஆமான்னு தலையை ஆட்டுனேன்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, அத நீங்க கவனிக்கணும். கையில குளுக்கோஸ் ஏறுது, பதினாறு வயசு, சுத்தி நாலு பெரிய ஆளுவ. அந்த நேரத்துல தலை எப்பிடி ஆடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? இதையேதான் இருபத்திநாலு வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாரேன். ஒரு நாளும் அது எடுபடல. ஏன்னா எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆட்டுனேன்.

எங்க அப்பா சாரு சட்டையைப் புடிச்சிட்டாரு. சாரு அவரைப் பாக்கவும் இல்ல, கையைத் தட்டி விடவும் இல்ல. என்னைத்தான் பாத்தாவ. கோவம் இருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். அவிய சொன்னது ஒண்ணுதான்.

"விசாரணையெல்லாம் பெறவு வச்சிக்கிடலாம். மொதல்ல பய கஞ்சி குடிக்கட்டும்."

ஃபிளாஸ்கை ஸ்டூல்ல வச்சிட்டு வெளிய போயிட்டாவ. நான் குடிச்சேன். பசி அண்ணாச்சி.

எனக்கு மட்டும் தனியாச் சொல்லியிருப்பாவன்னு டீம் பயலுவளும் நம்பிட்டானுவ. சாருக்கு மெமோ குடுத்தாங்க. இனிமே எந்த டீமையும் கூட்டிக்கிட்டு வரக்கூடாதுன்னு சங்கத்துல எழுதியே குடுத்துட்டாங்க. பெறவு மேற்க மலையடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க. அங்க கிரவுண்டே கிடையாது, பிள்ளையளை வரிசையில நிக்க வச்சுக் கையைத் தூக்கு காலைத் தூக்குன்னு சொல்லுதது மட்டுந்தான் வேலை. அதுலயும் விடல. பேப்பர்ல ஒரு மூலையில செய்தி வந்துருச்சா, அந்த ஊருக்காரங்க அவியளுக்குப் பேரு வச்சிட்டாங்க. பட்டினி வாத்தியாரு. உளுந்தங்களி உருட்டிக் குடுத்த மனுசனுக்குப் பேரு பட்டினி வாத்தியாரு. இருபது வருசம், ரிட்டையர் ஆகுத வரைக்கும் அந்தப் பேருலதான் இருந்தாவ.

நான் நல்லாத்தான் இருந்தேன். வாத்தியாரால பாதிக்கப்பட்ட பையன்னு எல்லாருக்கும் என் மேல ஒரு இரக்கம். அடுத்த வருசம் ஜூனியர்ல எடுத்துக்கிட்டாங்க, ஹாஸ்டல் கிடைச்சுது. எங்க அப்பாவும் வாயை மூடிட்டாரு. சாரு சொன்ன மாதிரியே ஜூனியர்ல என்னை எவனும் அசைக்க முடியல. அந்த சர்ட்டிபிகேட்லதான் வேலை.

போயி சொல்லாம இருப்பேனா? ரெண்டு தடவ போனேன். ஒரு தடவ அந்த ஊரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும், இன்னொரு தடவ அவிய தெரு முக்கு வரைக்கும். அன்னைக்கு வீட்டுல விருந்தாளுவ வந்திருந்த மாதிரி தெரிஞ்சுது. அந்த நேரத்துல போயி இதைப் பேசுதது மரியாதை இல்லைன்னு திரும்பிட்டேன். என் கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபால்ல போட்டேன். வர மாட்டாவன்னு நினைச்சுத்தான் போட்டேன். வந்துட்டாவ. கடைசி வரிசையில உக்காந்திருந்தாவ. மேடைக்கு வந்து திருநீறு பூசி, இப்பம் எத்தன கிலோல இருக்கன்னு கேட்டுச் சிரிச்சாவ. எழுபத்திரெண்டு சார்னேன். அப்பம் சொல்லியிருக்கலாம். வீடியோக்காரன் இந்தப் பக்கம் பாருங்க இந்தப் பக்கம் பாருங்கன்னு கத்திக்கிட்டு இருந்தான். அந்தச் சவத்துப் பய மட்டும் இல்லைன்னா அன்னைக்குச் சொல்லியிருப்பேன்.

இப்பம் நெஞ்சு வலி வந்து ஒரே நாளுல போயிட்டாவ. படத்திறப்புக்கு நான் பேசணும்னு பயலுவ சொன்னானுவ. சரின்னுட்டேன். இந்தத் தடவ விடக்கூடாதுன்னு இருந்தேன். ஆபீசுல உக்காந்து மூணு பக்கம் எழுதுனேன், களியைக் காம்பவுண்டுக்கு வெளிய எறிஞ்சதுல இருந்து தலையை ஆட்டுனது வரைக்கும் ஒண்ணு விடாம. பையிலதான் இருக்கு. வேணும்னா காட்டுதேன். நான் பொய் சொல்லுத ஆளு இல்ல.

கூட்டம் ஆரம்பிக்கதுக்கு முன்னால கோமு அக்கா ஆளு விட்டுக் கூப்பிட்டாவ. மண்டபத்துக்குப் பக்கத்து ரூம்புல தனியா இருந்தாவ. முடியெல்லாம் நரைச்சு, ஆளு பாதியாப் போயிட்டாவ. என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாவ.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவிய இருக்கும்போது கேக்க முடியாமப் போச்சு. அன்னைக்கு நான் பன்னெண்டு உருண்டை உருட்டித்தான் குடுத்து விட்டேன். உனக்கு மட்டும் குடுக்காம இருந்தாவளா?"



அவிய பேசிக்கிட்டே போனாவ. அந்த வருசமே சாருகிட்ட கேட்டாவளாம். அதுக்கு சாரு, பய சொன்னாச் சரியாத்தான் இருக்கும், அதை விடுன்னாவளாம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலியாம். இல்லைன்னு சொல்லியிருந்தா அக்கா சும்மா இருந்திருக்க மாட்டாவ, மறுநாளே எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு என்னை இழுத்து வச்சுக் கேட்டிருப்பாவ. அது சாருக்குத் தெரியும். அக்கா அதுக்குப் பெறவு களி கிண்டவே இல்லையாம். அடுத்தவ பெத்த பிள்ளையப் பட்டினி போட்டுட்டு வந்து இவிய எப்பிடி உக்காந்து திங்காவன்னு, சோறு போடும்போதெல்லாம் மனசுக்குள்ள ஓடுமாம். இருபத்திநாலு வருசம் அண்ணாச்சி. ஒரு தடவ வாயை விட்டுக் கேட்டே விட்டாவளாம். அதுக்கும் சாரு எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டாவளாம்.

நான் சொல்லியிருக்கணும். எழுதுன பேப்பரு பேண்டுப் பையில இருக்கு. வாயைத் திறந்தேன். சத்தியமா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் பழைய கதைக்கா. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்"னேன்.

எங்க இருந்து வந்துச்சு அந்த வார்த்தைன்னு எனக்குத் தெரியல. நான் சாரை மன்னிச்சிட்டேன். நான்! அக்கா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாவ. உன் வாயால இத ஒரு தடவ கேக்கணும்னுதான் இருந்தேன் ராசான்னு அழுதாவ. அவியளுக்காக நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கேன்னாவ. நான் அழாதீங்கக்கா, அழாதீங்கக்கான்னு முதுகைத் தடவிக் குடுக்கேன். பாத்துக்கிடுங்க, என்ன மாதிரி ஆளு நான்.

அதோட போச்சா? அக்கா அதைக் கூட்டம் நடத்துன பயகிட்டச் சொல்லிட்டாவ. அவன் மைக்குல சொல்லிட்டான், சாரு பண்ண ஒரே ஒரு தப்பையும் மன்னிச்சுட்டு வந்து நிக்கானே, இவன்தான் சாரு வளத்த பிள்ளைன்னு. நாப்பது பேரும் கை தட்டுனானுவ. அந்தக் கை தட்டுக்கு நடுவுல எந்திரிச்சு மூணு பக்கத்தைப் படிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. நான் வேற பேசுனேன். சாரு விசில் ஊதுத அழகு, தோள்ல கை போடுத பாசம், இதையெல்லாம் பேசுனேன். நல்லா பேசுனேன்னு எல்லாரும் சொன்னானுவ. ரெண்டு மூணு பேரு அழுதாங்க.

பெறவு பந்தி. நான் ஓரமா உக்காரப் போனேன். அக்கா விடல. எல்லாரையும் தாண்டி வந்து என்னை மொத இலையில உக்கார வச்சாவ. அவிய பரிமாறக் கூடாது, உக்காருங்கன்னு சொந்தக்காரங்க எவ்வளவோ சொன்னாங்க. கேக்கல. இவனுக்கு மட்டும் நான்தான் போடணும்னு சோத்து வாளியைப் புடுங்கிக்கிட்டாவ. அள்ளி அள்ளிப் போடுதாவ, சோறு இலைக்கு வெளியலாம் விழுது. "நல்லா சாப்பிடு ராசா. நீ வயிறு ரொம்பச் சாப்பிட்டாத்தான் அவிய பண்ண பாவம் தீரும்"னாவ.

சாப்பிட்டேன் அண்ணாச்சி. சாம்பாருக்கு ஒரு தடவ, ரசத்துக்கு ஒரு தடவ, மோருக்கு ஒரு தடவ, மூணு தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவுல சொல்லிரலாம், இந்த உருண்டையை முழுங்கிட்டுச் சொல்லிரலாம்னு நினைச்சுக்கிட்டே இலையை வழிச்சு முடிச்சிட்டேன். அவிய பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாவ. மொகத்துல அப்பிடி ஒரு நிம்மதி. இத்தன வருசத்துல அந்த மொகத்தை நான் அப்பிடிப் பாத்ததில்ல.

இலையை மடக்கி எடுக்கப் போனேன். நீ எடுக்காதன்னாவ. அறுவது வயசு அம்மா, பதினாறு நாளைக்கு முன்னாலதான் தாலி அறுத்தவிய, அத்தன சனத்துக்கு நடுவுல குனிஞ்சு என் எச்சி இலையை எடுத்தாவ. கீழ சிந்துன பருக்கையையும் கூட்டி அந்த இலையில போட்டு எடுத்துட்டுப் போனாவ. நான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி.